கிராக்ஸ் கிளாசிக்கும் பிஸ்ட்ரோவும்: கோலாலம்பூரில் எங்கே போடலாம், எங்கே கூடாது

கோலாலம்பூரில் ஒரு நாளில் எத்தனை தடவை காலணியைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சொந்த வீட்டு வாசல், கோயில் வாசல், உறவுக்காரர் வீடு, பிள்ளையை விடப்போகும் பாலர் பள்ளி. நடுவில் மாலை நாலு மணி மழை வேறு. கயிறு கட்டும் சப்பாத்து இந்த ஊருக்கு ஒத்துவராது என்று பலர் முடிவு கட்டிவிட்டதில் வியப்பில்லை. குனியாமலே மாட்டி, குனியாமலே கழற்றும் கிராக்ஸ் நிறுவனத்து நுரைக் காலணி பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையிலிருந்து பங்சார் அலுவலக லிஃப்ட் வரை வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா, அரசாங்கக் கவுண்டருக்குப் போகலாமா என்பதில்தான் குழப்பம். அழகா, அசிங்கமா என்ற விவாதத்தை விட்டுவிடுங்கள். எந்தச் செருப்பைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி போதும்: விரலை மூடுகிறதா? குதிகாலைப் பிடிக்கிறதா? வாசலில் நிற்கும் ஜாகா (காவலாளி) பார்ப்பதும் இதைத்தான், ஈரத் தரை பார்ப்பதும் இதைத்தான். இந்த இரண்டு கேள்வியோடு கிளாசிக், பிஸ்ட்ரோ ஆகிய இரு மாடல்களையும், கூடவே விரலிடுக்கில் காம்பு மாட்டும் நம் பழைய ரப்பர் செருப்பான ஜப்பான் சிலிப்பரையும் எடைபோடுவோம்.

கிளாசிக்: என்ன வாங்குகிறீர்கள்

கிளாசிக் முழுக்க ஒரே அச்சில் வார்த்த நுரைக் காலணி. குரோஸ்லைட் என்று அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றோடொன்று சேராத நுண்ணறைகள் நிறைந்திருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. மழையில் நனைந்தால் உதறிவிட்டு நடக்கலாம். மேல்பகுதியில் ஒவ்வொரு காலுக்கும் 13 துளை, பக்கவாட்டில் இன்னும் சில சிறிய துளைகள். குதிகால் வார் இரண்டு குமிழில் சுழலும். முன்னே மடித்தால் சிலிப்பர், பின்னே இழுத்தால் சாண்டல்.

பலர் இந்த வாரை வாழ்நாள் முழுக்க முன்னாலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் காலணியின் பாதிக் குணம் போய்விடுகிறது. வார் பின்னால் இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் விரல்களைச் சுருட்டிச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். நமக்கே தெரியாமல் கெண்டைக்காலும் பாதத்தின் அடியும் இறுகும். மஸ்ஜித் இந்தியாவில் இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு வரும் கால்வலிக்குச் செருப்பின் மென்மையை விட இந்தச் சுருட்டல்தான் பெரும்பாலும் காரணம். வீட்டு வாசலில் முன்னே, தெருவில் இறங்கினால் பின்னே என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

அளவில் அரை எண் கிடையாது. இரண்டு எண்ணுக்கு நடுவில் இருப்பவர்கள் கிளாசிக்கில் சிறியதைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இது அகலமாக, தாராளமாக வெட்டிய வடிவம். சரியான அளவில் பாதத்தின் மேல்பக்கம் லேசாகப் பட வேண்டும், இரண்டு ஓரமும் நெருக்கக் கூடாது, குதிகால் பின் விளிம்பை மிதிக்கக் கூடாது, முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள். காலை முழுக்க நின்ற கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்தது மாலையில் பிடிக்கும்.

விலை 200 வெள்ளியை ஒட்டி நிற்கும், தள்ளுபடிக் காலத்தில் இறங்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதே உருவத்தில் 20 வெள்ளிக்கும் கிடைக்கிறது. வித்தியாசம் முதல் நாளில் தெரியாது. மலிவான நுரை சில மாதத்தில் குதிகாலுக்கடியில் அமுங்கிப் பள்ளமாகிவிடும், மீண்டு எழாது. கடையில் நின்றபடியே சோதிக்க ஒரு வழி உண்டு: கட்டைவிரலால் குதிகால் இடத்தை நன்றாக அழுத்திப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். தடம் உடனே மறைந்தால் நுரை பரவாயில்லை. தடம் தயங்கி நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு முன்னையும் பின்னையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுகினால் கடைப் படிக்குத்தான் ஆகும், ஒரு நாள் வேலைக்கு ஆகாது.

ஈரத் தரை

கிளாசிக்கின் பலவீனம் இங்கேதான், இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். காய்ந்த சிமெண்டில் அருமை. மழைச்சாரல் விழுந்த பளபள ஓடு பதித்த அஞ்சடியிலும் (கடைவரிசை முன்நடையிலும்), சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் மாமாக் கடை வாசலிலும் நம்ப முடியாது. சவ்கிட் ஈரச் சந்தையில் மீன் கழுவிய தண்ணீருக்கும் இதே கதைதான்.

காரணம் எளிது. காலுக்கும் தரைக்கும் நடுவில் நீர்ப் படலம் மாட்டிக்கொள்கிறது. அது வெளியேற அடிப்பாகத்தில் ஓரம் வரை ஓடும் பள்ளங்கள் வேண்டும். புதுக் கிளாசிக்கில் ஓரளவு இருக்கும் பள்ளம் தேயத் தேய மூடிப்போகும். நுரை மென்மையானது என்பதால் கரடுமுரடான தார் ரோட்டில் சீக்கிரமே தேயும், குறிப்பாகக் குதிகாலின் வெளி ஓரம். இன்னொரு வழுக்கல் உள்ளே நடக்கிறது. மழைத் தண்ணீர் துளை வழியாக இறங்கி, காலே செருப்புக்குள் சறுக்கும். வார் பின்னால் இருந்தால் இந்த இரண்டாவது வழுக்கல் பாதி அடங்கிவிடும்.

பத்துமலை 272 படி ஏறுவதற்குக் கிளாசிக் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறைய. ஏறும்போது ஒன்றும் தெரியாது. படி செங்குத்து, மிதிக்கும் இடம் குறுகல். இறங்கும்போதுதான் அகலமான முன்பகுதி படியின் விளிம்பில் பாதி தொங்கும். மழை பெய்திருந்தால் கைப்பிடியை விட வேண்டாம். இல்லையென்றால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்குங்கள், பக்தர்கள் அப்படித்தானே ஏறுகிறார்கள்.

மின்படிக்கட்டு

பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். மென்மையான நுரைக் காலணி மின்படிக்கட்டின் பக்கச் சுவரை உரசினால் வழுக்கி விலகாது; ஒட்டிக்கொள்ளும், இழுபடும், நசுங்கி இடுக்குக்குள் போகும். ஐரோப்பியத் தரவிதி, படிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு பக்கத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளிக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோல் சப்பாத்து அதற்குள் போகாது. உரசலில் சூடாகி மென்மையாகும் நுரை போகும், அதோடு பிள்ளையின் விரலும் போகும். இந்த வகை விபத்துகள் பெருகியதால் 2008-இல் ஜப்பானின் வர்த்தக அமைச்சு வடிவமைப்பை மாற்றும்படி கிராக்ஸ் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது.

எல்ஆர்டி நிலையத்திலும் பேரங்காடியிலும் செய்ய வேண்டியது இதுதான்: பிள்ளையைப் படியின் நட்ட நடுவில், மஞ்சள் கோட்டுக்குள், முன்னே பார்த்து நிற்க வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நீளமாக ஓடும் தூரிகை காலை விலக்கி வைப்பதற்காகப் பொருத்தியது. சப்பாத்துத் துடைக்க அல்ல. மேலே வந்ததும் காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டு வரக் கூடாது. மாட்டிக்கொண்டால் காலைப் பிடித்து இழுக்காமல் செருப்பிலிருந்து காலை உருவுங்கள், மேலும் கீழும் இருக்கும் சிவப்பு நிறுத்தப் பொத்தானை அழுத்தச் சொல்லிச் சத்தம் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாரை முன்னே வைப்பது உதவும் என்று சிலர் வாதிடலாம். பிள்ளைக்கு மின்படிக்கட்டு உள்ள இடத்துக்கு நுரைக் காலணியே வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. லிஃப்டில் போகலாம், அல்லது கான்வாஸ் சப்பாத்து போட்டுவிடலாம்.

வாசலில் நிற்கும் ஜாகா

அரசாங்க அலுவலக நுழைவாயிலில் எத்திகா பக்காயான் (உடை நெறி) என்ற அட்டையைப் பார்த்திருப்பீர்கள். கையில்லாச் சட்டை, அரைக்கால் சிலுவார், செலிப்பார் ஆகியவற்றின் மேல் சிவப்புக் கோடு. 2015-இல் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்துக்கு வந்த பெண்ணுக்குச் சாரோங் கொடுத்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது நினைவிருக்கலாம். அப்போது பாவாடையின் நீளம் பற்றித்தான் பேச்சு. ஆனால் அன்றாடம் திருப்பி அனுப்பப்படும் பலருக்குச் சிக்கல் காலில்தான் இருக்கிறது.

ஜப்பான் சிலிப்பர் என்றால் விவாதமே இல்லை, கூடாது. கிளாசிக் செலிப்பாரா, சப்பாத்தா? அது அட்டையில் வரையப்படாத இடம், முடிவு ஜாகாவின் கையில். வார் முன்னால் இருந்தால் அவர் கண்ணுக்கு அது சிலிப்பர். வார் பின்னால், நிறம் கறுப்பு அல்லது கடல்நீலம், மேலே பொம்மைப் பொத்தான்கள் இல்லை என்றால் பெரும்பாலும் கேள்வி வராது. ஆனால் ஐசி மாற்ற, கடப்பிதழ் புதுப்பிக்க அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போகிறவர் இந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பக் கூடாது. மூடிய சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். காடியின் பின் இருக்கைக்குக் கீழே ஒரு சோடி பழைய கறுப்புச் சப்பாத்தை வைத்திருப்பது இதற்காகவே நல்ல பழக்கம்.

ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குச் சாட்சியாகவோ பிணை எடுக்கவோ போகிறவர்கள் எந்த வகைக் கிராக்ஸையும் நினைக்க வேண்டாம். வங்கி, வழக்கறிஞர் அலுவலகம், காப்பீட்டு முகவர் வேலை போன்றவற்றிலும் வாடிக்கையாளர் எதிரே உட்காரும் நேரத்துக்கு ஆகாது. மென்பொருள் அலுவலகம், வடிவமைப்பு வேலை என்றால் மேசைக்கடியில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அங்கேயும் முதல் வாரம் மேலாளர் காலைப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். புது வேலையில் நேர்முகத்துக்குப் போட்ட சப்பாத்திலேயே முதல் பத்து நாளை ஓட்டிவிடுவது பாதுகாப்பு.

திருமணம், கருமக்கிரியை இரண்டுக்கும் தனியாக ஒரு வார்த்தை. மண்டபத்தில் எப்படியும் வாசலில் கழற்றப்போகிறோம் என்று நினைத்துச் சிலிப்பரில் போகிறவர்கள் உண்டு. இடுகாட்டுக்கும் தொடர்ந்து போக வேண்டி வந்தால் அங்கே மண் ஈரம், கண்ணாடித் துண்டு, முள் எல்லாம் இருக்கும். அடி கனமான, குதிகால் வார் உள்ள சாண்டல்தான் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

பிஸ்ட்ரோ: சமையலறைக்கும் வார்டுக்கும்

பிஸ்ட்ரோ வெளியில் பார்த்தால் கிளாசிக்கின் தம்பி மாதிரி இருக்கும். மேல்பகுதியில் துளையே இல்லை, பாதத்தின் மேல்பக்கம் கூடுதல் தடிப்பு, அடிப்பாகம் வழுக்காமைக்கென்றே நெருக்கமான பள்ளங்களோடு வார்த்தது. நாசி கண்டார் கடையிலோ, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டிலோ எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இந்த மூன்று மாற்றமும் அவசியமானவை. கொதிக்கும் எண்ணெய் ஒரு கரண்டி சிந்தினால் கிளாசிக்கின் 13 துளையும் அதற்கு வழிவிடும். கத்தி கைதவறி விழுந்தால் முனை துளைக்குள் நேராக இறங்கும். உணவு சுகாதார விதிமுறைகள் 2009 உணவைக் கையாள்கிறவரிடம் ஏப்ரன், தலையுறையோடு காலணியையும் எதிர்பார்க்கிறது. சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரி சிலிப்பரை ஏற்க மாட்டார்.

மருத்துவமனையிலும் காரணம் அதேதான், எண்ணெய்க்குப் பதில் இரத்தமும் ஊசியும். தாதியர் கிளாசிக் போடக் கூடாது, துளையில்லாததுதான் போட வேண்டும். கழுவித் துடைக்கவும் அதுவே எளிது.

பிஸ்ட்ரோவிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்று உண்டு. இதில் இரும்பு மூக்கு கிடையாது. கிடங்கு, கட்டுமானம், பட்டறை ஆகியவற்றுக்கு ஐஎஸ்ஓ 20345 முத்திரை பதித்த பாதுகாப்புச் சப்பாத்து வேண்டும். அதன் மூக்கு 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறத்தாழச் சமம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தழுவுகிறது. அதனால் சின்னக் கடைதானே என்று முதலாளி தட்டிக்கழிக்க முடியாது. பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளில் வேறு கவலை: சாதாரண நுரை மின்சாரத்தைக் கடத்தாது, உடம்பில் சேரும் நிலைமின்சாரம் மின்னணுச் சில்லைக் கெடுத்துவிடும். அங்கே ஆலை கொடுக்கும் சப்பாத்தைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாது.

பிஸ்ட்ரோவின் குறை வெப்பம். துளையில்லாததால் கால் வியர்க்கும். பருத்திக் காலுறை போட்டு, நடுவேளை ஓய்வில் ஒரு தடவை மாற்றினால் விரலிடுக்குச் சேற்றுப்புண் வராது. இரண்டு சோடி வாங்கி நாள் விட்டு நாள் போடுகிறவருக்கு அவை கூடுதல் நாள் உழைக்கும், அமுங்கிய நுரை எழுந்துகொள்ள நேரம் கிடைப்பதால்.

ஜப்பான் சிலிப்பர்

இயற்கை ரப்பர் சிலிப்பரைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஈரத்தில் நல்ல ரப்பர், நுரையை விட நன்றாகவே பிடிக்கும். நம் தாத்தா பாட்டி சீவிய ரப்பர் மரத்தின் பொருள்தானே. குளியலறை, பின்கட்டு, காய்கறி வாங்க முச்சந்திக் கடை, கோயில் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலில் காலணியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போதும் மனசு நிம்மதியாக இருக்கும்.

நடுக்காம்புதான் முதலில் போகும். அடியில் உள்ள குமிழ் துளையை அகட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். ஊசி குத்திச் சமாளிக்கலாம், ஆனால் அது வீடு வந்து சேர மட்டும்தான். சமையல் எண்ணெய் பட்ட ரப்பர் உப்பும், பிசுபிசுக்கும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

மோட்டோருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) கியரை மிதிக்கும்போது ஈரச் சிலிப்பர் நழுவும், நிறுத்தக் கால் ஊன்றும்போது மடங்கும், விழுந்தால் முதலில் பறப்பதும் அதுதான். கிளாசிக்கும் இதில் பெரிய மேன்மை இல்லை. வெள்ளம் வந்தாலும் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு நீண்ட ரப்பர் பூட்ஸ் தேடுங்கள். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், வெள்ள நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி ஏறிவிடும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே அப்பாவுக்கோ அத்தைக்கோ செருப்பு வாங்குவது நம் வீடுகளில் சாதாரண வேலை அல்ல.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு நடுக்காம்புச் சிலிப்பர் ஆகாது. காம்பு விரலிடுக்கை அறுத்தாலும் அவருக்குத் தெரியாது, செருப்பு கழன்று போனதும் தெரியாது. கிளாசிக்கிலும் துளை வழியாக உள்ளே புகுந்த ஒரு சரளைக் கல் மாலை வரை இருந்து புண்ணாக்கிவிடும். விரல் மூடி, குதிகால் பிடித்து, உள்ளே தையல் முடிச்சு இல்லாதது வேண்டும். நீரிழிவுப் பாதத்துக்கான அனைத்துலகப் பணிக்குழு உட்புற நீளம் பாதத்தை விட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கச் சொல்கிறது. ஒரு தாளில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி, அந்தத் தாளைச் செருப்புக்குள் போட்டுப் பாருங்கள். எங்கேயாவது மடிந்தால் அந்தச் செருப்பு வேண்டாம். போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். ஏற்கெனவே புண் வந்தவர், விரல் வளைந்தவர் என்றால் கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டு மருத்துவமனையின் பாதப் பிரிவைக் கேளுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் கூட்டிப்போங்கள், உச்சிவேளைக் கருங்கல் தளம் சுட்டதையும் அந்தக் கால் சொல்லாது.

பராமரிப்பு, மாற்ற வேண்டிய நேரம்

நுரைக் காலணிக்கு எதிரி வெயில். மூடிய காடிக்குள், முன்கண்ணாடிக்கடியில் விட்டால் சுருங்கி ஒரு அளவு சிறிதாகிவிடும். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், நிழலில் காயவையுங்கள். வார் குமிழ் தளர்ந்து வார் தானாகவே முன்னே சரிந்தால் அது வேலைக்குப் போடும் தகுதியை இழந்துவிட்டது.

விசேஷத்துக்கென்று அலமாரியில் பூட்டி வைத்த தோல் சப்பாத்தை நம்பியிருப்பவர்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் அடி நம் ஊர் ஈரக் காற்றில் சும்மா இருந்தே சிதையும். சில வருடம் கழித்துப் போட்டால் மண்டப வாசலில் கேக்போல உதிரும். மாதம் ஒரு நாளாவது போட்டு நடந்தால் அறிகுறி முன்கூட்டியே தெரியும். இல்லையென்றால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ரப்பர் அடி போட்டுக்கொள்ளலாம்.

கிளாசிக், பிஸ்ட்ரோ இரண்டையும் எப்போது தூக்கிப் போடுவது? செருப்பைக் கவிழ்த்துக் குதிகால் பகுதியில் பள்ளம் முழுக்க அழிந்து வழவழப்பான இடத்தைத் தேடுங்கள். அதன் மேல் டபுள் ஏ பேட்டரி ஒன்றின் தட்டையான அடியை வையுங்கள். வழவழப்பு பேட்டரியின் அடியை விடப் பெரிதாகிவிட்டால், ஈரத் தரையில் அந்த இடத்துக்குள் சிக்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மேல்பகுதி புதிதுபோலப் பளபளத்தாலும் சரி, சமையலறைக்கும் வார்டுக்கும் அதை இனிக் கொண்டுபோக வேண்டாம். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டுக்கொள்ளலாம்.